மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி ரொட்டி

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய பின் வைத்திருந்து விற்க இயலாது. இரண்டு மூன்று நாட்களில் உள்ளே கருநீலக் கோடுகள் ஓடிக் கிழங்கு கெடத் தொடங்கும். அதனால் அன்று கிடைக்கும் விலைக்கு லாரியில் ஏற்றிவிடுவதைத் தவிர சிறு விவசாயிக்குப் பெரும்பாலும் வேறு வழி இருப்பதில்லை. இக்கிழங்கு தோன்றிய பிரேசில் நாட்டில் குடியானவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கிழங்கின் மாவைப் பிரித்து, புளிக்க வைத்து, வெயிலில் காயவைத்துச் சேமிக்கிறார்கள். அந்த மாவுடன் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுடப்படும் சிறு ரொட்டி இன்று அந்நாடு முழுவதும் காலையிலும் மாலையிலும் காப்பியுடன் உண்ணப்படுகிறது.

இந்த ரொட்டிக்குப் போர்த்துகீசிய மொழியில் ‘பாவ் டி கெய்ஜு’ என்று பெயர். ‘பாவ்’ என்றால் ரொட்டி. ‘கெய்ஜு’ என்றால் பாலாடைக்கட்டி. பம்பாய்ப் பக்கம் ரொட்டியைப் ‘பாவ்’ என்று சொல்வதும் இதே சொல்லிலிருந்து வந்ததுதான்.

இதன் பிறப்பிடம் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம். 18-ஆம் நூற்றாண்டில் தங்கச் சுரங்கங்களால் பெயர் பெற்ற மலைநாடு அது. அங்கே கோதுமை அரிது. பண்ணை வீடுகளில் இருந்தவை மரவள்ளி மாவு, பால், முட்டை ஆகியவையே. மாடு வளர்ப்பு பெருகிய பின் மீந்த பாலாடைக்கட்டியையும் துருவிச் சேர்க்கலாயினர். அம்மாநிலத்தில் கைமுறையாகப் பாலாடைக்கட்டி செய்யும் மரபை 2024-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இரு வகை மாவு

ரொட்டிக்கு வேண்டியது கிழங்கைச் சீவிக் காயவைத்து அரைத்த மாவு அன்று. கிழங்கைத் துருவி, தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி, அடியில் படிய விட்டு எடுக்கும் ஸ்டார்ச் மாவு. நல்ல கிழங்கு 100 கிலோவில் 20 முதல் 25 கிலோ வரை இது கிடைக்கும்.

படிந்ததை உடனே காயவைத்தால் ‘இனிப்பு மாவு’ எனப்படும். இனிப்பு என்பது புளிக்காதது என்ற பொருளில்தான். சேலம், நாமக்கல் பகுதி ஆலைகளில் கிடைக்கும் ஸ்டார்ச் மாவு இந்த இனமே.

‘புளிப்பு மாவு’க்கு, படிந்த மாவின்மேல் ஏறக்குறைய ஒரு சாண் தண்ணீர் நிற்கும்படி தொட்டியில் விட்டு வைக்கிறார்கள். பருவத்தின் வெப்பத்தைப் பொறுத்து 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும. தயிரைப் புளிக்க வைக்கும் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே இங்கும் வேலை செய்கின்றன. பிறகு தண்ணீரை இறுத்துவிட்டு, மாவை உதிர்த்து வெயிலில் பரப்புகிறார்கள்.

இந்த வெயில்தான் முக்கியம். புளித்த மாவை எந்திரத்தில் சூடேற்றிக் காயவைத்தால் ரொட்டி அவ்வளவாக உப்புவதில்லை. புளிப்பும் சூரிய ஒளியும் சேர்ந்துதான் மாவின் தன்மையை மாற்றி, ஈஸ்டோ சோடா உப்போ இல்லாமலே ரொட்டியை உப்பச் செய்கின்றன. தென் மினாஸில் கொன்செய்சாவ் டோஸ் ஓரோஸ் என்னும் சிற்றூர் இந்த மாவுக்குப் பெயர் பெற்றது.

வீட்டில் செய்யும் முறை

ஸ்டார்ச் மாவு அரை கிலோ, பால் கால் லிட்டர், எண்ணெய் 100 மில்லி, முட்டை 2, துருவிய பாலாடைக்கட்டி கால் கிலோ, உப்பு ஒரு தேக்கரண்டி. இனிப்பு மாவும் புளிப்பு மாவும் பாதிப் பாதி சேர்ப்பது நலம். புளிப்பு மாவு கிடைக்காவிட்டால் இனிப்பு மாவை மட்டும் கொண்டே செய்யலாம். ரொட்டி சற்றுக் குறைவாக உப்பும், உள்ளே இறுக்கமாக இருக்கும்.

பால், எண்ணெய், உப்பு மூன்றையும் சேர்த்துப் பொங்கும்வரை கொதிக்க விட்டு, உடனே மாவின்மேல் ஊற்றிக் கரண்டியால் கிளற வேண்டும். கொதி பட்ட மாவு ஓரளவு வெந்து பசையாகும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின் முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். சூட்டோடு சேர்த்தால் முட்டை வெந்து திரிந்துவிடும். கடைசியாகப் பாலாடைக்கட்டியைச் சேர்க்க வேண்டும்.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சை அளவில் உருட்டினால் ஏறக்குறைய 30 உருண்டைகள் வரும். தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, முன்னதாகவே 200 டிகிரி சூடேற்றிய ஓவனில் 25 நிமிடம் வைத்தால் மேலே பொன்னிறமாக, உள்ளே இழுபடும் பதத்தில் வெந்துவிடும். இடையில் கதவைத் திறக்கலாகாது, உப்பியது அமுங்கிவிடும். ஆறினால் ரப்பர் போலாகும் என்பதால் சூட்டோடு உண்பதே நல்லது.

கவனிக்க வேண்டியவை

துணிக் கஞ்சிக்கு விற்கும் மாவும், வெளுப்பதற்கு ரசாயனம் கலந்த மாவும் ஆகா. உணவுக்கென விற்பதையே வாங்க வேண்டும். ஜவ்வரிசி ஏற்கனவே சூடு கண்டது. அதை அரைத்துப் போட்டால் இந்தப் பக்குவம் வராது. பனீர் உருகாது, ஆகையால் உருகும் வகைச் சீஸாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

வீட்டிலேயே மாவு எடுப்பவர்கள் கிழங்கைத் துருவி வடித்த தண்ணீரைக் கால்நடைகளுக்குக் காட்டக் கூடாது. கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சு அந்தத் தண்ணீரில் இறங்கியிருக்கும். அதனால்தான் மாவைப் பலமுறை அலசிப் படிய விடுகிறார்கள்.

விவசாயிக்கு என்ன பயன்?

தமிழ்நாட்டில் கிழங்குக்கு அதன் மாவுச்சத்துப் ‘பாயிண்ட்’ கணக்கில் விலை பேசப்படுகிறது. அதாவது ஆலை வாங்குவது கிழங்கை அன்று, மாவை. அந்த மாவை நன்கு காயவைத்து ஈரம் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கிழங்கு தராத அவகாசத்தை மாவு தரும். பிரேசில் குடியானவர்களுக்கு அது பண்டமாகவும் பயன்படுகிறது. கோதுமை ஒவ்வாதவர்களும் இந்த ரொட்டியை உண்ணலாம் என்பதால் பிற நாடுகளிலும் இதற்கு விருப்பம் உண்டு.

எடுத்த எடுப்பில் விற்பனையை எண்ணிப் பணம் போட வேண்டியதில்லை. அடுத்த அறுவடையில் 10 கிலோ கிழங்கை ஒதுக்கி, மாவெடுத்து, ஒரு பாதியைப் புளிக்க விட்டு, வெயில் நன்கு அடிக்கும் நாட்களில் காயவைத்துப் பார்க்கலாம். பூசணம் பிடித்தால் கொட்டிவிட வேண்டும். இரு மாவிலும் தனித்தனியே ரொட்டி சுட்டுப் பார்த்தால் புளிப்பும் வெயிலும் செய்யும் வேலை தெரிந்துவிடும்.