விண்மீனைப் படம் பிடிக்க என்ன செலவாகும்?

வானத்தைப் படம் பிடிக்க ஆசைப்படும் மாணவர் முதலில் கேட்பது, "எந்தக் காமிரா வாங்கலாம்?" என்பதே. அடுத்த கேள்வி, "வீட்டுப் பரணில் அப்பாவின் பழைய பிலிம் காமிரா இருக்கிறது, அதில் எடுத்தால் மலிவாக முடியாதா?" என்பது. கேள்வி நியாயமானதுதான். இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ மொட்டை மாடியில் நின்று படம் எடுக்கப்போகும் ஒருவருக்கு உண்மையில் எதற்குச் செலவாகிறது என்பதைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் பிலிம் நம் நாட்டுப் பொருளாகவே கிடைத்தது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்து தந்தது. அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. இன்று வாங்கும் பிலிம் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. 36 படங்கள் கொண்ட ஒரு சுருளின் விலையும், அதைக் கழுவிக் கணிப்பொறியில் ஏற்றித் தரும் கூலியும் சேர்ந்து 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்திற்கு ஏறத்தாழ 42 ரூபாய் ஆகிறது. சரியாக வந்த படத்திற்கும் அதே 42. கை பட்டு ஆடிப்போன படத்திற்கும் அதே 42.

மறுபுறம், ஒருவர் பயன்படுத்திய டிஜிட்டல் காமிரா ஒன்றை 20,000 ரூபாய்க்கு வாங்குவதாகக் கொள்வோம். அதன் ஷட்டர் ஒரு லட்சம் படங்கள் வரை உழைக்குமானால் ஒரு படத்தின் செலவு 20 காசு. பரணில் கிடந்த காமிரா இலவசமே ஆனாலும், பதினான்காவது சுருளைப் போடும்போதே டிஜிட்டல் காமிராவின் விலையைத் தாண்டிவிடுகிறோம்.

கடைக்கணக்கு இதுதான். இயற்பியல் கணக்கு வேறு. படம் என்பது ஒளித்துகள்களைச் சேமிப்பது. பிலிம்மேல் விழும் நூறு ஒளித்துகள்களில் ஒன்றோ இரண்டோதான் பதிவில் பங்கு பெறுகின்றன. டிஜிட்டல் காமிராவின் சிலிக்கான் தகடோ ஏறத்தாழப் பாதியைப் பிடித்துவிடுகிறது. மேலும், மிக மங்கிய ஒளியில் பிலிம் சோம்பிப்போகும். இரு மடங்கு நேரம் திறந்து வைத்தாலும் இரு மடங்கு பதிவு கிடைக்காது. பின்னாளில் கருந்துளைக் கணக்கால் புகழ்பெற்ற கார்ல் ஷ்வார்ஷீல்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆராய்ந்த குறைபாடு இது. இதை ஈடுகட்டவே அக்கால ஆர்வலர்கள் பிலிமை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஊறவைத்து எடுத்தார்கள். அதற்கான செலவு தனி.

ஆகவே டிஜிட்டலே சிக்கனம் என்று முடித்துவிடலாமா? வடசென்னையில் முடிக்க முடியாது. இங்கே பெரிய செலவுக்காரன் காமிரா அல்லன், வானம்.

துறைமுகத்துப் பாரந்தூக்கிகளின் விளக்குகளும், பெட்டக முனையங்களின் வெள்ளொளியும், மணலியில் எரியும் சுடரும், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்து வெளிச்சமும் புகையிலும் உப்புக்காற்றிலும் சிதறி வானத்தையே ஒரு வெளிறிய கூரையாக்கிவிடுகின்றன. இது எவ்வளவு கெடுதல் என்பதை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் உண்டு. விண்மீன் ஒளியளவில் ஐந்து படி என்றால் நூறு மடங்கு என்று 1856இல் வகுத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861 முதல் 1891இல் இறக்கும்வரை நம் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணியாற்றியவர் என்பதை நம் மாணவர் பலர் அறியார். அந்த அளவுகோலில், பெருநகர வானத்திற்கும் நல்ல இருண்ட மலைவானத்திற்கும் உள்ள வேறுபாடு மூன்றரைப் படி என்று கொள்ளலாம். அதாவது 25 மடங்கு.

இந்த 25 மடங்கின் விளைவைப் பாருங்கள். மாடியில் நின்று ஒரு நெபுலாவைப் படம் எடுக்கிறீர்கள். படத்தின் ஒரு புள்ளியில் வானத்திலிருந்து 10,000 ஒளித்துகள்களும் நெபுலாவிலிருந்து 100 துகள்களும் விழுகின்றன என்க. 10,000 என்பது ஒவ்வொரு முறையும் சரியாக 10,000 ஆக இராது. அதன் வர்க்கமூலமாகிய 100 அளவுக்கு ஏறியிறங்கும். நெபுலாவின் 100 இந்த ஏற்ற இறக்கத்தில் மறைந்துபோகும். மலையில் வானத்தின் பங்கு 400. ஏற்ற இறக்கம் 20. அதே 100 இப்போது ஐந்து மடங்கு உயர்ந்து நிற்கிறது. மாடியிலேயே இந்தத் தெளிவு வேண்டுமானால் 25 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். அப்போது வானம் 2,50,000, ஏற்ற இறக்கம் 500, நெபுலா 2,500. மலையில் ஒரு மணி நேரம், இராயபுரத்தில் 25 மணி நேரம்!

பிலிமுக்கு இங்கே வழியே இல்லை. சில நிமிடங்களிலேயே நகர வெளிச்சம் பிலிமை நிரப்பிவிடும். டிஜிட்டலில் குறுகிய படங்களாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கணிப்பொறியில் அடுக்கி, வானத்தின் பங்கைக் கழித்துவிடலாம். பல இரவுகளில் அந்த 25 மணி நேரத்தைச் சேர்க்கவும் செய்யலாம். ஆனால் பொறுமை வேண்டும். ஒளித்தடுப்பு வடிகட்டி வாங்கினால் போதாதா என்பீர்கள். பழைய சோடிய விளக்குகளின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டரைச் சுற்றியே இருந்ததால் அதை ஓரளவு தடுக்க முடிந்தது. எல்.இ.டி. விளக்கின் ஒளியோ நிறமாலை முழுவதும் பரவியது. சாதாரண வடிகட்டி அதன்முன் அவ்வளவாகப் பயன்படாது.

இதைவிட இரயில் சீட்டு மலிவு. வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாகச் சென்றால் சவ்வாது மலையின் காவலூர்ப் பகுதி. 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986இல் அங்கே இயக்கத்திற்குக் கொண்டுவந்ததற்கு இருண்ட வானமும் ஒரு காரணம். அமாவாசையை ஒட்டிய ஓர் இரவை அந்த மலைப்பக்கத்தில் கழிப்பது, காமிராவை மாற்றுவதைவிட அதிகம் தரும்.

நெபுலாதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லாதவர்க்கு மாடியே போதும். சந்திரனும் வியாழனும் சனியும் நகர வெளிச்சத்தைப் பொருட்படுத்துவதில்லை. சென்னையின் அகலாங்கு 13 பாகை என்பதால் கோள்கள் நம் தலைக்கு மேலேயே உயர்ந்து செல்கின்றன. இலண்டன்காரர்க்கு இந்த வாய்ப்புக் கிட்டாது. சிறிய தொலைநோக்கியின் கண்ணருகே கைப்பேசியைப் பொருத்தி, விநாடிக்கு 30 படம் வீதம் வீடியோ எடுத்தால் அரை நிமிடத்திற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஆயிரம் படங்கள் சேரும். காற்றசைவில் கெடாத சிலவற்றை மட்டும் பொறுக்கி அடுக்கலாம். இதே ஆயிரம் படங்களைப் பிலிமில் எடுத்தால் நம் கணக்குப்படி 42,000 ரூபாய்!

பிலிமுக்கு ஒரு பெருமை உண்டு. அதை மறைப்பது முறையன்று. கொடைக்கானலில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படத்தகடுகள் காக்கப்பட்டு, பின்னாளில் டிஜிட்டல் வடிவிலும் மாற்றப்பட்டன. வன்தட்டு ஒன்று நூறாண்டு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. எனவே படங்களுக்கு இரண்டாவது பிரதி வைக்க ஒரு வன்தட்டின் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் குடியிருப்போர் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஈரத்தில் லென்சில் பூஞ்சை படரும். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் தூசியும் உண்டு. இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல்லும் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஜெல்லின் நிறம் மாறியதும் இளஞ்சூட்டில் உலர்த்தி மீண்டும் போடலாம்.