அணுவின் கணக்கேடு

அணுசக்தி என்பது நம் வாசகர்களுக்குப் புதிய சொல் அன்று. டிராம்பேயிலும் தாராப்பூரிலும் பணிபுரியும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஆயினும், அணு உலைக்குள் செல்லும் பொருளுக்கும் அதிலிருந்து வெளிவரும் பொருளுக்கும் எத்துணை நுட்பமாகக் கணக்கு வைக்கப்படுகின்றது என்பதை நம்மில் பலர் அறியோம். அக்கணக்கைக் காக்க இப்பொழுது வந்துள்ள ஒரு புதுமுறையைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1957-இல் தோன்றிய சர்வதேச அணுசக்தி முகமை வியன்னா நகரிலிருந்து செயற்படுகின்றது. 8 கிலோ புளூட்டோனியம் காணாமற் போயினும், உயர் அளவில் செறிவூட்டிய யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235 காணாமற் போயினும், ஓர் அணுகுண்டு உருவாகும் வாய்ப்பை மறுக்க இயலாது என்பது அதன் அளவுகோல். ஆகவே அதன் சோதனையாளர்கள் நாடுதோறும் சென்று, ஏட்டையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர், முத்திரையிடுகின்றனர், காமிராக்களைப் பொருத்துகின்றனர். நம் நாட்டின் தாராப்பூர் நிலையத்தின் ஒரு பகுதியும் கூடங்குளம் நிலையமும் அச்சோதனைக்கு உட்பட்டவையே.

இங்கு எழும் வினா ஒன்று: ஏட்டையே ஒருவன் திருத்திவிட்டால் என் செய்வது?

நம்மவர் நடத்தும் சீட்டை எண்ணிப் பாருங்கள். கணக்குப் புத்தகம் ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஐயம் எழும். உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் அதன் பிரதி இருந்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் அடையாளக் குறி எழுதப்பட்டிருந்தால்? பழைய பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினாலும் அடையாளம் மாறிவிடும். பின்வரும் பக்கங்கள் யாவும் பொருந்தாமற் போகும். ஏனையோர் பிரதிகள் குற்றத்தைக் காட்டிக் கொடுக்கும். ‘பிளாக்செயின்’ எனப்படுவது கணிப்பொறியில் அமைந்த இத்தகைய ஏட்டுச் சங்கிலியே. 2009-இல் பிட்காயின் நாணயத்தின் வாயிலாக இது உலகறியப் பெற்றது. அணுச் செய்திகளோ இரகசியமானவை. எனவே, அனுமதி பெற்றோர் மட்டுமே, அவரவர்க்கு உரிய பகுதியை மட்டுமே காணுமாறு இச்சங்கிலியை அமைத்தல் வேண்டும்.

இதனை முதலில் செய்து பார்த்த பெருமை பின்லாந்துக்கு உரியது. அந்நாட்டின் கதிரியக்கக் கட்டுப்பாட்டு நிறுவனமாகிய ஸ்டுக், அமெரிக்காவின் ஸ்டிம்சன் மையம், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் கூடி, ‘ஸ்லாப்கா’ என்னும் மாதிரி அமைப்பை 2020 மார்ச்சு மாதத்தில் ஹெல்சிங்கியில் வெளியிட்டன.

பின்லாந்துக்கு இதில் அக்கறை பிறந்ததற்குத் தக்க காரணம் உண்டு. ஒல்கிலுவோட்டோ தீவில், 400 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில், பாறையைக் குடைந்து ‘ஒன்கலோ’ என்னும் சுரங்கம் அமைத்துள்ளனர். பயன்படுத்திய அணு எரிபொருளை அங்கே புதைத்துச் சுரங்கத்தை மூடிவிடுவது திட்டம். மூடியபின் எவரும் இறங்கி எண்ணிப் பார்த்தல் இயலாது. புளூட்டோனியம்-239 பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் ஆகும். கீழே இருப்பது யாது என்று வருங்காலத் தலைமுறைக்குச் சொல்லப்போவது ஏடு ஒன்றே. அந்த ஏடு பொய்யாகலாமா?

எனினும், ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழியை மறத்தல் ஆகாது. 2023 மார்ச்சு மாதத்தில் லிபியாவில் ஓரிடத்தைச் சோதித்தபோது, கணக்கில் இருந்த பத்துப் பீப்பாய்கள், ஏறத்தாழ இரண்டரை டன் யுரேனியத் தாதுச் செறிவு, அங்கே காணப்படவில்லை. பீப்பாய் பெயர்ந்து போவதை எந்தச் சங்கிலியும் தடுக்காது. பொய்யை எழுதினால் அப்பொய்யையும் அது பத்திரமாகவே காக்கும். எடைபோடும் கையும் முத்திரையைப் பார்க்கும் கண்ணும் நேர்மையாக இருந்தாலன்றிப் பயன் இல்லை.

ஆகவே, காவலுக்கு மாற்றாக இதைக் கொள்ளாமல், காவலுக்குத் துணையாகக் கொள்வதே அறிவுடைமை. ஒருவரை ஒருவர் முழுதும் நம்பாத நாடுகள் ஒரே கணக்கை நம்புவதற்கு இம்முறை வழிகாட்டுமாயின், அதுவே பெரும் பயன் அன்றோ?