வயிற்றுவாரும் சோமாலியக் கரையும்

மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் வாழும் முதியோர், புதிதாக ஒருவரைக் கண்டால் ஊரைக் கேட்டபின் கேட்கும் வினா ஒன்றுண்டு. "என்ன குடி?" என்பதே அவ்வினா. உலகிப்போடி குடி, பணிக்கனா குடி என்று விடை வரும். அந்தக் குடி தந்தை வழி வந்ததன்று. தாய் வழி வந்தது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரு தாயின் வயிற்றிலிருந்து கிளைத்த மரபை 'வயிற்றுவார்' என்று நம்மவர் சொல்வர். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்றும் வழங்கும் சொல் அது. காத்தான்குடி முஸ்லிம் சகோதரரிடத்தும் தாய்வழிக் குடிமுறை உண்டு என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இவ்வழக்கத்தை நன்கறிந்தவன் என்று எண்ணியிருந்த எனக்கே அதன் பொருளைப் புதிதாக உணர்த்திய நிகழ்ச்சி ஒன்று சென்ற ஆண்டு நேர்ந்தது.

கல்லூரியில் என்னிடம் வரலாறு பயிலும் மாணவி ஒருத்தி, ஒருநாள் வகுப்பு முடிந்தபின் தயங்கித் தயங்கி வந்து, மடித்த தாள்கள் சிலவற்றை மேசைமேல் வைத்தாள். "சேர், இதை வாசித்துச் சொல்லுங்கள். வீட்டில் பெரிய சண்டை" என்றாள்.

கனடாவில் வாழும் அவளுடைய பெரியம்மா, வீட்டிலிருந்தே செய்யும் மரபணுப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார். சிறு குழாயிலே உமிழ்நீரைச் சேர்த்துத் தபாலில் அனுப்பினால், சில வாரங்களில் 'உம் முன்னோர் இன்ன இன்ன நாட்டினர்' என்று விகிதக் கணக்கோடு விடை வரும். வந்த விடையில் பெரும்பகுதி தென்னிந்தியா, இலங்கை என்றிருந்தது. அடியிலே ஒரு வரி: 'சோமாலியா, 3 வீதம்'.

அந்த ஒரு வரிதான் வீட்டைக் கலக்கியது. மாணவியின் தமக்கைக்குத் திருமணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வேளை அது. "இந்தத் தாள் வெளியே போகக்கூடாது, எரித்துவிடு" என்றாராம் மாமா ஒருவர். சுருண்ட மயிருள்ள பிள்ளையைப் பள்ளிக்கூட முற்றத்திலே 'காப்பிரி' என்று ஏளனம் செய்யும் வழக்கம் நம்மிடையே இருந்துவருவதை மறைத்துப் பயனில்லை. மாமாவின் அச்சத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மூன்று வீதத்தின் பொருள்

நான் விஞ்ஞான ஆசிரியன் அல்லன். ஆயினும் மாணவி கேட்டுவிட்டாளே என்று விலங்கியல் கற்பிக்கும் நண்பரோடு அமர்ந்து, அத்தாள்களை வரிவரியாக வாசித்தேன். அறிந்ததைச் சுருங்கக் கூறுகிறேன்.

மனிதனுடைய மரபணு நூல் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளால் ஆயது. இத்தகைய பரிசோதனை அவ்வளவையும் வாசிப்பதில்லை. மனிதருக்கு மனிதர் வேறுபடும் இடங்களுள் ஏறக்குறைய ஆறேழு இலட்சத்தை மட்டும் வாசிக்கிறது. பின்பு அவற்றைத் தன்னிடமுள்ள ஒப்புநோக்குத் தொகுதியோடு பொருத்திப் பார்க்கிறது. அத்தொகுதியில் உள்ளோர் இன்று வாழும் மக்களே. எனவே 'சோமாலியா' என்ற சொல்லுக்கு, 'உம் மூதாதை சோமாலியாவிலிருந்து கப்பலேறினார்' என்று பொருளன்று. 'உம்முடைய ஒரு சிறு பகுதி, எம்மிடமுள்ள சோமாலியரின் பகுதியை மிகவும் ஒத்திருக்கிறது' என்பதே பொருள்.

சோமாலியா என்னும் குடியரசு தோன்றியதே 1960ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதிதான். பிரித்தானிய சோமாலிலாந்தும் இத்தாலியரின் ஆளுகையிலிருந்த சோமாலியப் பகுதியும் இணைந்து அது பிறந்தது. சோமாலிய மக்களோ எத்தியோப்பியா, கென்யா, ஜிபூட்டி ஆகிய நாடுகளிலும் பரந்து வாழ்கின்றனர். மரபணுவுக்கு இந்த எல்லைக்கோடுகள் தெரியா.

இனி, கணக்கைப் பாருங்கள். தாய் தந்தையரிடமிருந்து பாதி பாதி. பாட்டன் பாட்டியரிடமிருந்து சராசரி கால் கால். அதற்கு மேலே 12.5, பின்பு 6.25, ஐந்தாம் தலைமுறையில் 3.125. ஆகவே மூன்று வீதம் என்பது, முழுமையாக ஆப்பிரிக்கராயிருந்த ஒருவர் ஐந்து தலைமுறைக்கு முன் இருந்தால் வரக்கூடிய அளவு. அதற்கும் முற்பட்ட காலத்துப் பலர் சேர்ந்தும் அவ்வளவு வரலாம். பத்துத் தலைமுறை மேலே சென்றால் மூதாதையர் இடங்கள் 1024. அவர்களுட் சிலரிடமிருந்து நம் உடலில் ஓர் எழுத்துத்தானும் எஞ்சியிராது. ஒரு வயிற்றிற் பிறந்த இருவருக்கே விகிதங்கள் வேறுபடும்.

விகிதம் கல்லில் வெட்டிய எழுத்துமன்று. 2019ஆம் ஆண்டு கனடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் நிகழ்ச்சி ஒன்றில், ஒரே கருவிற் பிறந்த இரட்டைச் சகோதரியரின் மாதிரிகளை ஐந்து நிறுவனங்களுக்கு அனுப்பினர். நிறுவனத்துக்கு நிறுவனம் விடை வேறுபட்டது. இருவருக்கிடையிலும் முழுமையாக ஒத்துவரவில்லை. நம் மாணவியின் பெரியம்மாவுக்கும் அவ்வாறே நேர்ந்தது. சில மாதங்கள் கழித்து அந்நிறுவனம் தன் தொகுதியைப் புதுப்பித்தபோது 'சோமாலியா' மறைந்தது. அவ்விடத்தில் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி தோன்றியது.

"அப்படியானால் எல்லாம் பொய்யா, சேர்?" என்று கேட்டாள் மாணவி. பொய்யன்று. அத்தாள்களில் வேறொரு பக்கமும் இருந்தது. அதை எவரும் வாசித்திருக்கவில்லை.

தாய்க்குத் தாயாய் வரும் எழுத்து

உயிர்க்கலத்தினுள்ளே இழைமணி என்றொரு நுண்ணுறுப்பு உண்டு. அதற்கெனத் தனியாக ஒரு சிறு மரபணு வளையம் இருக்கிறது. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். மகனுக்கும் வரும், ஆனால் மகன் அதைத் தன் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. மகள் மட்டுமே கொடுப்பாள். எனவே, அது கலப்பில்லாமல் தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என ஏறிச் செல்கிறது. நம்மூர்ச் சொல்லிற் கூறின் அதுவே வயிற்றுவார்.

தென்னாசியப் பெண்வழிகளிற் பெரும்பாலானவை விஞ்ஞானிகள் 'எம்', 'என்' என்று பெயரிட்ட பெருங்கிளைகளைச் சேர்ந்தவை. பெரியம்மாவின் தாளில் இருந்ததோ 'எல்' என்னும் எழுத்து. அது ஆப்பிரிக்காவுக்கே சிறப்பாக உரிய பெண்வழி. வீதக்கணக்கைப் போல அது தலைமுறைதோறும் பாதியாவதில்லை. சோமாலியாவா மொசாம்பிக்கா என்று அந்த எழுத்து ஒன்றே தீர்ப்புச் சொல்லாது. ஆயினும் அவ்வீட்டின் தாய்வழியில், ஆப்பிரிக்கக் கரையிற் பிறந்த ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அது வலிய சான்று.

எப்படி வந்தாள்?

ஆப்பிரிக்கக் கரைக்கும் நம் கரைக்கும் உள்ள உறவு பழையது. வாடைக்காற்றில் பாய் விரித்துப் போகவும் சோழகக் காற்றில் திரும்பி வரவும் கடலோடிகள் அறிந்திருந்தனர். மொறொக்கோ நாட்டு இபுனு பதூதா 1331ஆம் ஆண்டு சோமாலியக் கரையிலுள்ள மொகடிசு நகருக்குச் சென்றார். அவரே 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்து, சிவனொளிபாத மலைக்கும் ஏறினார். கொழும்பில் கடல் வாணிகத்தைத் தன் கையில் வைத்திருந்த ஒருவனிடம் ஏறக்குறைய 500 ஹபஷியர் இருந்ததாக அவர் எழுதிவைத்திருக்கிறார். ஹபஷியர் என்போர் அபிசீனியர். சோமாலியருக்கு அண்டை நாட்டினர்.

பின்னர் வந்தோர் பெரும்பாலும் தாமாக வந்தவரல்லர், கொண்டுவரப்பட்டவர். போர்த்துக்கீசர் ஆப்பிரிக்கரைப் படைவீரராகவும் அடிமைகளாகவும் கொணர்ந்தனர். புளியந்தீவிலே 1628ஆம் ஆண்டு அவர்கள் கட்டிய கோட்டையை 1638ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கைப்பற்றினர். ஒல்லாந்தரும் கொழும்பில் ஆப்பிரிக்க அடிமைகளை வேலை வாங்கினர். 1798 முதல் 1805 வரை தேசாதிபதியாயிருந்த பிரெடெரிக் நோர்த் காலத்தில் ஆங்கிலேயரும் ஆப்பிரிக்கரை விலைக்கு வாங்கித் தம் படையிற் சேர்த்தனர். அவ்வீரரின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிராம்பியடியில் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய 'மாஞ்சா' இசை நாடறிந்தது. திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் ஆப்பிரிக்க வழியினர் சிலர் பறங்கியரோடு மணவுறவு கொண்டு கலந்தனர். நம் மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் ஆடிப் பாடும் 'காப்ரிஞ்ஞா' என்ற பெயரிலேயே அந்தக் கலப்பின் அடையாளம் ஒலிக்கிறதன்றோ?

இந்தியாவிலும் இதையொத்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. குசராத்திலும் கன்னடக் கரையிலும் வாழும் சித்தியரை 2011ஆம் ஆண்டு மரபணுவழி ஆராய்ந்தோர், அவர்களுடைய ஆப்பிரிக்க முன்னோர் பாந்து மொழி பேசிய மக்கள் என்று கண்டனர். இந்தியரோடு கலப்பு நிகழ்ந்தது ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் என்றும் கணித்தனர். சோமாலியரோ வேறு கிளை. டென்மார்க்கில் வாழ்ந்த 201 சோமாலிய ஆடவரை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின்படி, அவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் ஒரே தந்தைவழிக் கிளையைச் சேர்ந்தவர்கள். அங்கே குடி தந்தை வழியது. சோமாலியப் பிள்ளைகள் தந்தை, பாட்டன், பூட்டன் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை மனனம் செய்து ஒப்புவிப்பர். 'அப்திர்சி' என்பது அதன் பெயர். அவர்கள் ஆண்களின் பெயரை எண்ணுகிறார்கள். நாமோ தாயின் குடியைச் சொல்கிறோம்.

அம்மம்மாவின் விடை

நிற்க. இவற்றையெல்லாம் கேட்டுச் சென்ற மாணவி, மறுவாரம் தன் அம்மம்மாவிடம் போய் அமர்ந்தாள். எண்பத்து மூன்று வயதான அம்மூதாட்டியிடம் அதுவரை எவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் சிரித்தாராம்.

"இதுக்கா மகள் காசு குடுத்து எச்சில் துப்பினவள்? என்னைக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே. கோட்டைப் பக்கமிருந்து ஒரு சின்னப் புள்ளையைக் கொண்டுவந்து எங்கட வளவில வளர்த்தவங்களாம். அந்தப் புள்ளைட வயித்திலதான் நாங்க."

"அப்படியென்றால் எங்கள் குடி, அம்மம்மா?"

"வளர்த்தவள் குடுத்த குடி. தாயில்லாப் புள்ளைக்குத் தாய் ஆரு? சோறு போட்டவள்தானே."

இதைக் கேட்டபோது நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். குடி என்பது குருதியின் வழி மாத்திரமே என்றல்லவா நான் வகுப்பில் விளக்கிவந்தேன்! குடியற்ற ஒரு குழந்தைக்குத் தன் குடியை ஈந்தாள் ஒருத்தி. அவள் எழுத்தறிந்தவளோ அல்லளோ. அவள் பெயரைத்தானும் ஒருவரும் அறியார். கோயிலிலே குடிக்குரிய மரியாதை பெறும்போதெல்லாம் அவ்வீட்டார் பெற்றது அவளுடைய கொடையை. எந்த உமிழ்நீர்க் குழாயும் அவளைக் காட்டமாட்டாது. ஏனெனில் அவளுடைய மரபணு அவர்களிடத்தில் இல்லை.

திருமணப் பேச்சு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். அது நின்றுவிட்டது. தாளின் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்கு எட்டியதாலா, சீதன வீடு பற்றிய இழுபறியாலா என்று இன்றுவரை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. தமக்கை அழுதாள். ஆயினும் தாளை எரிக்க அவள் உடன்படவில்லை. "அடுத்து வருபவரிடம் நானே முதலிற் காட்டுவேன்" என்று கூறினாளாம்.

குழாயை வாங்குமுன்

வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் இப்பரிசோதனை செய்ய விரும்புவோருக்கு இரண்டு சொற்கள். ஒருவர் தம் மரபணுவைக் கொடுக்கும்போது உடன்பிறந்தார், பிள்ளைகள், மருமக்கள் ஆகியோரின் செய்தியையும் சேர்த்தே கொடுக்கிறார். இத்துறையிற் பெயர்பெற்ற 'ட்வென்டித்ரீ அண்ட் மீ' நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 69 இலட்சம் பேரின் விவரங்கள் களவாடப்பட்டதாக 2023ஆம் ஆண்டு தெரியவந்தது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் அந்நிறுவனம் கடன் தீர்க்க முடியாமல் நீதிமன்றத்தை நாடியது. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம்; மரபணுவை மாற்றிக்கொள்ள இயலாது. ஆதலின் குடும்பத்தாரோடு கலந்து பேசிய பின்னரே செய்தல் நன்று.

மற்றொன்று, இதனினும் முதன்மையானது. குழாயை வாங்குமுன் வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் ஒரு கொப்பியோடு சென்று அமருங்கள். தாயின் பெயர், தாயின் தாயின் பெயர், எந்த வளவு, எந்தக் கரை என்று கேட்டு எழுதுங்கள். போரிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் நம் பகுதி இழந்த ஆவணங்களும் மனிதர்களும் கொஞ்சமல்ல. எஞ்சியிருப்பது அம்மம்மாமாரின் நினைவு. அதை எந்த நிறுவனமும் புதுப்பித்துத் தரமாட்டாது.

என் மாணவி அவ்வாறே எழுதத் தொடங்கியிருக்கிறாள். முதற்பக்கத்தில் ஐந்து பெயர்கள் இருக்கின்றன. ஆறாவது வரியில் 'கோட்டையிலிருந்து வந்த பிள்ளை' என்று எழுதியிருக்கிறாள். ஏழாவது வரியில் 'வளர்த்தவள்' என்று மட்டும் எழுதி, பெயருக்கென்று இடம் விட்டிருக்கிறாள்.