படிக்கட்டு யாருடைய சொத்து?

அயர்லாந்தில் அடுக்குமாடி வீடு வாங்குபவருக்குக் கிடைப்பது, பெரும்பாலும் தன் நான்கு சுவர்களுக்குள் உள்ள இடத்தின் மீதான நீண்டகாலக் குத்தகை உரிமைதான். கூரை, படிக்கட்டு, லிஃப்ட், வாகன நிறுத்துமிடம் ஆகியவை உரிமையாளர் நிர்வாக நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும். வீடு வாங்கியவர் தானாகவே அதன் உறுப்பினர். விற்றதும் அந்த உறுப்புரிமை போய்விடும். இயக்குநர்களாக இருப்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத உரிமையாளர்கள். அன்றாட வேலைக்கு அவர்கள் அமர்த்தும் முகவரையே பலர் நிறுவனம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் கூலிக்கு வந்தவர், சொத்து அவருடையதல்ல.

2011 வரை இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. நிறுவனச் சட்டத்தையும் நிலச் சட்டத்தையும் ஒட்டுப்போட்டுக் காரியம் நடந்தது. கட்டுமான நிறுவனங்கள் கடைசி வீடு விற்கும்வரை பொதுப் பகுதிகளை ஒப்படைக்காமல் இருக்க முடிந்தது. கூடுதல் வாக்குகளைத் தங்களிடமே வைத்துக்கொள்ளவும் முடிந்தது. பராமரிப்புக் கட்டணம் கட்டியவருக்கு அதைப் பற்றிப் பேச இடமில்லை. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாத நிர்வாக நிறுவனம் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். கலைந்துபோன நிறுவனத்தின் சொத்து அரசுக்குப் போய்விடும்; படிக்கட்டும் அதில் அடக்கம். அப்படிப்பட்ட கட்டடத்தில் வீட்டை விற்க முயல்பவர் வழக்கறிஞரின் மேசையிலேயே சிக்கிக்கொள்வார்.

சட்டச் சீர்திருத்த ஆணையம் 2006-இல் கலந்தாய்வு அறிக்கையையும் 2008-இல் இறுதிப் பரிந்துரைகளையும் வெளியிட்டது. அவற்றிலிருந்து உருவான பலவீட்டு வளாகச் சட்டம் 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. புதிய வளாகங்களில் முதல் வீடு விற்கும் முன்பே பொதுப் பகுதிகள் நிர்வாக நிறுவனத்தின் பெயருக்கு மாற வேண்டும். வீட்டுக்கு ஒரு வாக்கு. கட்டியவருக்குத் தனிச் சலுகை இல்லை. விற்காத வீடுகளுக்கான கட்டணத்தையும் அவரே செலுத்த வேண்டும். பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட நிறுவனங்களை மீட்கும் வழியும் எளிதாக்கப்பட்டது. உரிமை விஷயத்தில் சட்டம் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது என்றே சொல்லலாம்.

பணத்தில்தான் அது தடுமாறுகிறது. ஆண்டுக் கட்டணத்தைக் கூட்டத்தில் முன்வைக்க வேண்டும். வந்து வாக்களிப்பவர்களில் 75 சதவீதத்தினர் எதிர்த்தால் அது செல்லாது. பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதிக்கு வீட்டுக்கு ஆண்டுக்கு 200 யூரோ என்று சட்டம் ஒரு தொகையைச் சொல்கிறது. உறுப்பினர்கள் வேறு தொகைக்கும் உடன்படலாம். குறைந்த தொகைக்குக் கைதூக்க யாருக்குத்தான் கசக்கும்? 100 வீடுகள் உள்ள வளாகத்தில் 200 யூரோ வீதம் பத்தாண்டு சேர்த்தாலும் 2 லட்சம் யூரோதான். பழைய லிஃப்டும் ஒழுகும் கூரையும் ஒரே ஆண்டில் கைவிட்டால் அது போதாமல் போகலாம். கட்டணம் கட்டாதவரை நீதிமன்றத்துக்கு இழுப்பது செலவான வேலை; பல இடங்களில் அவர் வீட்டை விற்கும்போதுதான் பாக்கி வசூலாகிறது.

உரிமை கைக்கு வந்தபோது கட்டடத்தின் குறைகளும் சேர்ந்தே வந்தன. டப்ளினின் டொனமீட் பகுதியிலுள்ள பிரையரி ஹால் வளாகத்திலிருந்து, தீப்பாதுகாப்பு இல்லை என்று 2011 அக்டோபரில் குடியிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1991 முதல் 2013 வரை கட்டிய அடுக்குமாடி வீடுகளில் 50 முதல் 80 சதவீதம்வரை குறைபாடுகள் இருக்கலாம் என்றும், சீரமைக்க வீட்டுக்குச் சராசரியாக 25,000 யூரோ ஆகும் என்றும் அரசுப் பணிக்குழு 2022-இல் மதிப்பிட்டது. ஒப்படைத்ததால் கட்டியவரின் கடமை தீர்ந்துவிடாது என்கிறது சட்டம். ஆனால் திவாலான நிறுவனத்திடம் கடமையைக் காட்டி என்ன பயன்? சுவர் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பூச வேண்டும்.

முகவர்களுக்கு 2012 முதல் உரிமம் வழங்கிக் கண்காணிக்க ஓர் ஆணையம் உண்டு. அவர்களை அமர்த்தும் நிர்வாக நிறுவனங்களுக்கு அப்படி ஒரு கண்காணிப்பாளர் ஏற்படுத்தப்படவில்லை. தகராறு வந்தால் சர்க்யூட் நீதிமன்றம்தான் வழி. நிர்வாக நிறுவனங்களுக்குத் தனிக் கண்காணிப்பும், சேமிப்பு நிதிக்குக் கட்டாய விதிகளும் வேண்டும் என்று வீட்டுவசதி முகமைக்காக 2019-இல் தயாரான ஆய்வு கேட்டது. கட்டடத்தை நிபுணர் பார்த்துக் கணக்கிடும் தொகையையே சேமிப்பாக வைப்பது அவற்றில் அவசரமானது. ஒரே எண்ணை எல்லாக் கட்டடத்துக்கும் பொருத்துவதில் நியாயமில்லை. கண்காணிப்பு அமைப்புக்கான செலவை உரிமையாளர்களிடமே வசூலித்தால், அது இன்னொரு பராமரிப்புக் கட்டணமாகவே அவர்கள் தலையில் விழும்.