தேள் கொட்டிய இரவில் வந்தவர்

இரவு பதினொன்றரை மணி. 'தேள் கொட்டினால் மண்ணெண்ணெய் தடவலாமா' என்று யாரோ ஒருவர் கைபேசியில் தட்டுகிறார். அவர் உடனே போகவேண்டியது மருத்துவமனைக்கு. தேடுபொறியோ, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பாட்டி சொன்ன தேள் கதையை ஒருவர் ஆசையாக எழுதிவைத்த பக்கத்தில் அவரைக் கொண்டுபோய் விடுகிறது. இது நானே புனைந்த உதாரணம். ஆனால் இப்படி வழிதவறி வந்த விருந்தாளிகள் இணையத்தின் தொடக்க காலத்திலிருந்தே உண்டு.

நாம் கேட்ட பிறகு தேடுபொறி உட்கார்ந்து இணையத்தைப் படிப்பதில்லை. முன்பே படித்துச் சொல்லடைவு போட்டு வைத்திருக்கிறது: இந்தச் சொல் இன்னின்ன பக்கங்களில் வருகிறது என்ற பட்டியல். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் டொமினிக்கன் துறவிகள் லத்தீன் விவிலியத்துக்குக் கையாலேயே செய்த வேலை இது. 'தேள்' பட்டியலிலும் 'மண்ணெண்ணெய்' பட்டியலிலும் இருக்கும் பக்கங்களைப் பொறி எடுக்கிறது. பாட்டி கதை இரண்டிலும் இருக்கிறது.

எதை முதலில் காட்டுவது? இங்கேதான் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் வருகிறார். இந்தப் பிரிட்டிஷ் ஆய்வாளர் 1972இல் வெளியிட்ட கருத்து கேட்க மிக எளியது: ஒரு சொல் எவ்வளவு அதிகமான ஆவணங்களில் வருகிறதோ, அவ்வளவு குறைவாக அதற்கு எடை போட வேண்டும். ஆயிரம் பக்கங்களில் 'வீடு' ஐந்நூறில் இருந்தால் அதை வைத்து எதையும் பிரித்தறிய முடியாது. 'மண்ணெண்ணெய்' பத்தே பக்கங்களில் இருந்தால் அது கிட்டத்தட்ட முகவரி. உலகின் தேடுபொறிகள் பலவும் இந்தக் கணக்கின் மேல் எழுந்தவை. இவ்வளவு பெரிய விஷயத்தைச் செய்தவரின் பெயர் அதிகம் பேசப்படாதது எனக்கு வருத்தம். விசித்திரமான தேடல்கள் விசித்திரமான இடங்களில் போய் விழுவதற்கும் இதே கணக்குதான் காரணம். அரிய சொல் ஒன்று வந்துவிட்டால், கேட்டவரின் நோக்கத்தையே அது இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

தமிழில் இன்னொரு சிக்கல். நம் மொழியில் திசை முழுவதும் வேற்றுமை உருபில் இருக்கிறது. 'மதுரைக்கு', 'மதுரையிலிருந்து' இரண்டையும் தேடுபொறி வேர்ச்சொல்லாகச் சுருக்கினால் வெறும் 'மதுரை'. போகிறவரும் வருகிறவரும் ஒருவராகிவிடுவார்கள். 2019இல் கூகுள் தன் தேடலில் சேர்த்த 'பெர்ட்' என்ற மொழி மாதிரி, சொல்லைத் தனியாகப் பார்க்காமல் அக்கம்பக்கத்துச் சொற்களோடு சேர்த்துப் பார்க்கிறது. இத்தகைய குழப்பங்களைக் குறைப்பதற்கான முயற்சி அது.

குழப்பம் முழுக்கத் தீர்ந்துவிடாது. தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் இதற்குமுன் யாருமே கேட்காதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. மனிதர்கள் எப்போதும் இப்படித்தான். நியூயார்க் பொது நூலகத்தில் 1940கள் தொட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளைக் குறித்த அட்டைகள் ஒரு பெட்டியில் கிடைத்தன. கனவில் யானை துரத்தினால் என்ன அர்த்தம் என்பதும் அவற்றில் ஒன்று. நம் வீடுகளிலும் கேட்ட கேள்விதானே!

ஒரு காலத்தில், வந்தவர் என்ன தேடி வந்தார் என்பதைப் பக்கத்தின் சொந்தக்காரர் பார்க்க முடிந்தது. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, தான் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும். தேடிய சொற்கள் அந்தத் தேடல் பக்கத்தின் முகவரியிலேயே இருந்தன. ஆனால் சொற்கள் ஆளைக் காட்டிக்கொடுக்கும். 2006இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. தேடிய சொற்களை மட்டும் வைத்தே அவர்களில் ஒருவரின் வீட்டுக் கதவைப் பத்திரிகையாளர்கள் தட்டிவிட்டார்கள். 2011இல் கூகுள், தேடிய சொற்களைப் பக்கத்தின் சொந்தக்காரர்களிடமிருந்து மறைக்கத் தொடங்கியது. 2013க்குள் ஏறக்குறைய முழுவதும் மறைந்தன. சரியான முடிவுதான். இன்று பாட்டி கதை எழுதியவருக்கு, பதினொன்றரை மணிக்கு யாரோ வந்து சில நொடிகளில் போய்விட்டார் என்பது மட்டும் தெரியும். தேள் கொட்டியது தெரியாது.