உருண்டையா, தட்டையா?

பழைய மோட்டார் சைக்கிளின் புஷ் தேய்ந்துவிட்டது; கடைகளில் உதிரிபாகம் கிடைக்கவில்லை. ஒன்றே ஒன்று செய்து வாங்க சிஎன்சி பட்டறைக்குப் போகிறீர்கள். முறை தவறினால் பணம் வீண்.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். புஷ், தண்டு போன்ற உருளை வடிவங்களுக்கு லேத் போதும். அதில் பொருள் சுழலும், கத்தி சீவும். தட்டையான பரப்பு, பள்ளம் என்றால் மில்லிங். அதில் சுழல்வது வெட்டும் கருவி. பெரும்பாலும் மூன்று அச்சு இயந்திரமே போதும். பல கோணங்களில் வளையும் பரப்புகளுக்குத்தான் ஐந்து அச்சு.

மில்லிங் கருவி வட்டமானது. அதனால் பள்ளத்தின் உள்மூலைகள் சற்று வளைந்தே வரும். ஊடுருவிச் செல்லும் துளையில் கூர்மூலை வேண்டுமானால், மின்பொறியால் அறுக்கும் 'வயர் கட்' உதவும். ஆனால் மின்சாரம் கடத்தும் பொருளாக இருக்க வேண்டும்.

பேரிங் பொருந்தும் இடத்தில் 0.01 மில்லிமீட்டர் துல்லியம் கேளுங்கள். மற்ற இடங்களுக்கு 0.1 போதும். எல்லா அளவையும் இறுக்கினால் செலவு எகிறும்.

தேய்ந்த புஷ்ஷை மட்டும் கொண்டுபோகாதீர்கள். அது உட்காரும் தண்டையும் கூட்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். சரியான அளவு அவற்றில்தான் இருக்கிறது.