நட்சத்திரம் பிறக்க இடமும் முக்கியம்

தென்வானில், சுமார் 22 கோடி ஒளியாண்டு தொலைவில், நார்மா என்ற கேலக்ஸிக் கூட்டம் இருக்கிறது. அதன் மையத்தை நோக்கி ஈஎஸ்ஓ 137-001 என்ற சுருள் கேலக்ஸி பாய்ந்துகொண்டிருக்கிறது. ஹப்பிள் எடுத்த படத்தில் அதன் வட்டிலிருந்து நீலக் கீற்றுகள் பிய்ந்து தொங்குகின்றன. அவை புதிதாகப் பிறந்த நட்சத்திரங்கள். சந்திரா எக்ஸ்-ரே தொலைநோக்கிக்குத் தெரிந்ததோ இன்னும் பெரிது: 2.6 லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள வாயு வால். நம் பால்வீதியின் விட்டமே சுமார் 1 லட்சம் ஒளியாண்டுதான்!

கூட்டத்தின் நடுவெளி காலியாக இல்லை. பல கோடி டிகிரி வெப்பத்தில் மெல்லிய வாயு அங்கே நிரம்பியிருக்கிறது. வேகமாகப் போகும் பைக்கில் இருப்பவர் முகத்தில் காற்று அறைவதுபோல, உள்ளே நுழையும் கேலக்ஸியின் மீது அது மோதி, அதன் குளிர்ந்த வாயுவை உரித்துவிடுகிறது. வானியலாளர்கள் ஜேம்ஸ் கன்னும் ரிச்சர்ட் காட்டும் 1972-லேயே இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். குளிர்ந்த வாயுதான் நட்சத்திரங்களுக்கு மூலப்பொருள். அது போய்விட்டால் புதிய நட்சத்திரங்களும் இல்லை.

1980-ல் ஆலன் டிரெஸ்லர் 55 கூட்டங்களில் சுமார் 6,000 கேலக்ஸிகளை ஆராய்ந்தார். நெரிசல் கூடக்கூடச் சுருள் கேலக்ஸிகள் அருகி, நட்சத்திரப் பிறப்பு ஓய்ந்துபோன நீள்வட்ட, லென்ஸ் வடிவ கேலக்ஸிகள் பெருகின. அடுத்த ஆண்டே, இதற்கு நேர்மாறாக, கேலக்ஸிகள் மிக அரிதாக உள்ள பூட்டஸ் பெருவெற்றிடம் கண்டுபிடிக்கப்பட்டது. இத்தகைய வெற்றிடங்களில் தனித்து வாழும் கேலக்ஸிகள் பெரும்பாலும் சிறியவை, நீலமானவை, வாயு வளம் மிக்கவை. அங்கே நட்சத்திரங்கள் தடையின்றிப் பிறக்கின்றன.

எல்லாப் பழியையும் சுற்றுப்புறத்தின் மேல் போட முடியாது. கேலக்ஸியின் சொந்த எடையும், மையக் கருந்துளை உமிழும் ஆற்றலும் நட்சத்திரப் பிறப்பை நிறுத்தக்கூடும். பெர்சியஸ் கூட்டத்தின் நடுவிலுள்ள என்ஜிசி 1275-ன் கருந்துளை, சுற்றியுள்ள வாயுவைக் குளிரவிடாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கிறது.

வியப்பு என்னவென்றால், நெரிசல் எப்போதும் பகையாக இருந்ததில்லை. 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன், பேரண்டத்தில் நட்சத்திரப் பிறப்பு உச்சத்தில் இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் இழைகள் வலைபோலச் சந்திக்கும் முடிச்சுகளில் குளிர்ந்த வாயு கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து ‘ஸ்பைடர்வெப்’ கேலக்ஸி, சிறு கேலக்ஸிகளை விழுங்கியபடி, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்களின் எடைக்கு நட்சத்திரங்களை உருவாக்கியது. இன்று பால்வீதியில் அந்த அளவு ஓரிரு சூரியன்தான். வாயுவை ஊட்டி வளர்த்த அதே முடிச்சுகள், வெப்ப வாயு நிரம்பிய கூட்டங்களாக முதிர்ந்த பிறகு, அதைப் பறிக்கத் தொடங்கின.

இதே கதை நம் வீட்டு வாசலிலும் நடக்கிறது. பால்வீதிக்கு அருகே சுற்றும் குட்டி கேலக்ஸிகள் பெரும்பாலும் வாயுவை இழந்து ஓய்ந்துவிட்டன. மெகல்லன் மேகங்கள் இரண்டும் விதிவிலக்கு. அவையும் வாயுவை இழக்கத் தொடங்கிவிட்டதை, பின்னால் நீளும் மெகல்லன் ஓடை என்ற வாயுத் தடம் காட்டுகிறது. சுமார் 14 லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் ஒதுங்கியிருக்கும் லியோ-டி கேலக்ஸி மிகச் சிறியதுதான். ஆனாலும் அதில் இன்னும் வாயு இருக்கிறது, இளம் நட்சத்திரங்களும் இருக்கின்றன.